பாட்டு இலவசம், கச்சேரிக்குத்தான் காசு

இருபது வயதை ஒட்டிய ஒரு கல்லூரி மாணவியின் போனை வாங்கி, அவள் சேர்த்து வைத்திருக்கும் பாட்டுகளைப் பார்த்தால் முதலில் ஒன்றும் பிடிபடாது. போன வாரம் வந்த அனிருத் பாட்டுக்குப் பக்கத்தில், அவள் பிறப்பதற்கு முன்பே யுவன் போட்ட பாட்டு இருக்கும். அதற்குக் கீழே ராஜாவின் எண்பதுகள். நடுவில் சாய் அபயங்கர், ராப் பாடும் பால் டப்பா, அறிவு. கொரியன் பாட்டு இரண்டு, மலையாளப் பாட்டு ஒன்று. எந்த வரிசையும் கிடையாது. ‘வைப்’ ஒத்துப்போனால் உள்ளே வந்துவிடும், அவ்வளவுதான். இத்தனை பாட்டுக்கும் அவள் என்ன கொடுத்தாள் என்று கேட்டால், அநேகமாக ஒன்றுமில்லை. நடுநடுவே விளம்பரம் வந்தால் பொறுத்துக்கொள்கிறாள், அல்லது நாலு தோழிகள் சேர்ந்து எடுத்த சந்தாவில் ஒண்டிக்கொண்டிருக்கிறாள்.

அதே பெண், பட்டியலில் இருக்கும் ஒருவர் சென்னைக்குக் கச்சேரி செய்ய வருகிறார் என்றால் மாதக்கணக்கில் கைச்செலவை மிச்சம் பிடித்து டிக்கெட் வாங்குகிறாள். “போன்லயே கேக்கலாமே, இதுக்குப் போய் இவ்வளவு காசா?” என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். போனில் சும்மா கிடைப்பதற்கு மைதானத்தில் ஏன் இவ்வளவு விலை? பாட்டு எப்படி விற்கப்படுகிறது, அதை எழுதியவருக்கும் பாடியவருக்கும் என்ன போய்ச் சேருகிறது என்பதைப் பார்த்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும்.

ஒரு தலைமுறைக்கு முன்னால் காசு இருந்த இடம் வேறு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஊருக்கு ஊர் பாட்டுப் பதிவு செய்துதரும் கடை இருந்தது. ரசிகர் ஒரு தாளில் தனக்குப் பிடித்த பாட்டுகளை எழுதிக் கொடுப்பார். கடைக்காரர் 60 அல்லது 90 நிமிட கேசட்டில் ஏற்றித் தருவார், இரண்டு மூன்று நாள் கழித்து வாங்கிக்கொள்ளலாம். 60 நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். அன்றைய பாட்டு ஒவ்வொன்றும் நாலு, நாலரை நிமிடம் ஓடும் என்பதால் ஒரு பக்கத்தில் ஆறேழு பாட்டுக்கு மேல் நிற்காது. ஆகவே எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று வீட்டில் பெரிய ஆலோசனையே நடக்கும். கடைசிப் பாட்டு இரண்டாவது சரணத்தில் பாதியில் அறுந்துபோன கேசட்டுகள் எல்லார் வீட்டிலும் இருந்தன. அந்தப் பாட்டை இன்றைக்கு முழுசாகக் கேட்டாலும், அறுந்த இடம் வரும்போது ஒரு நொடி மனசு நின்று போகும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பதிவுக் கடைகள் செய்தது சட்டப்படி சரியில்லை, யாருக்கும் உரிமைத் தொகை போகவில்லை. ஆனால் ரசிகரின் சட்டைப்பையிலிருந்து பாட்டுக்காகக் காசு வெளியே வந்தது.

பிறகு ஒரே குறுந்தகட்டில் நூறு பாட்டுக்கு மேல் அடக்கிய எம்பி3 வந்தது, பென்டிரைவ் வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் டேட்டாவின் விலை சரிந்தது. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவில் தொடங்கியபோது, பாட்டை விலைகொடுத்து வாங்கும் பழக்கம் இங்கே ஏற்கெனவே செத்துப்போயிருந்தது. யூடியூபில் எல்லாமே இருந்தது. இன்றைய இருபது வயதுக்காரர்களில் பலர் தங்கள் வாழ்நாளில் ஒரு ஆல்பத்தைக்கூடக் காசு கொடுத்து வாங்கியிருக்க மாட்டார்கள். அது அவர்கள் குற்றமும் இல்லை. விற்பதற்குக் கடையே இல்லாத காலத்தில் வளர்ந்தவர்கள்.

சரி, கேட்பவர் காசு கொடுக்கவில்லை என்றால் பாட்டுக்கான காசு எங்கிருந்து வருகிறது? தமிழில் பெரும்பாலான பாட்டு சினிமாப் பாட்டு. படத்தின் ஆடியோ உரிமையைத் தயாரிப்பாளர் ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக விற்றுவிடுவார். இசையமைப்பாளருக்குச் சம்பளம், கவிஞருக்கும் பாடகருக்கும் பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. வாங்கிய நிறுவனம் யூடியூப் விளம்பரம், ஸ்ட்ரீமிங், டிவி என்று பல வழியில் போட்டதை எடுக்கும். ஒரு காலத்தில் காலர் ட்யூன்கூட இதில் பெரிய வரும்படி. ரசிகை ஒரு பாட்டை ஆயிரம் தடவை ‘லூப்பில்’ ஓடவிட்டாலும் அந்தக் காசு முதலில் போய்ச் சேருவது உரிமை வைத்திருப்பவரிடம்.

2012-இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. கவிஞரும் இசையமைப்பாளரும் தியேட்டருக்கு வெளியே தங்கள் பாட்டு பயன்படும்போதெல்லாம் ராயல்டியில் பங்கு பெற உரிமை உள்ளவர்கள், அந்த உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று வந்தது. மாநிலங்களவையில் இருந்த கவிஞர் ஜாவேத் அக்தர் இதற்காகக் கடுமையாகப் போராடினார். பாடகர்களுக்கும் நிகழ்த்துகலைஞர் என்ற வகையில் உரிமை கிடைத்தது, அதை வசூலிக்கத் தனியாகச் சங்கமும் அமைத்தார்கள். தாளில் நல்ல சட்டம். ஆனால் ஒரு முறை கேட்டதற்கு வருவது பைசாக் கணக்கில். அதைப் பல கையில் பிரித்தால் யாருக்கும் வீட்டு வாடகை தேறாது. ‘ரவுடி பேபி’ 2020 நவம்பரில் யூடியூபில் 100 கோடிப் பார்வையைத் தாண்டியபோது தென்னிந்தியப் பாட்டு ஒன்று அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுவே முதல் தடவை. அப்படி ஒன்று வருவது அபூர்வம். மற்ற ஆயிரம் பாட்டுகளின் கணக்கு வேறு மாதிரி.

சினிமாவுக்கு வெளியே போனால் நிலைமை மாறிவிடும் என்று நினைத்தவர்களுக்கு ‘எஞ்சாய் எஞ்சாமி’ நல்ல பாடம். 2021 மார்ச்சில் வந்த பாட்டு. அறிவும் பாடகி தீயும் பாடியது, தயாரித்தது சந்தோஷ் நாராயணன். இலங்கை மலையகத் தோட்டங்களில் உழைத்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்ப நேர்ந்த குடும்பங்களின் கதை அதற்குள் இருக்கிறது. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தால் இடம் பெயர்ந்த லட்சக்கணக்கானவர்களின் கதை அது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் அவர்களில் ஒருவர். இவ்வளவு கனமான ஒரு விஷயத்தைக் குழந்தைகள்கூட ஆடிப் பாடினார்கள். உலகம் முழுக்கத் தமிழ் தெரியாதவர்களும் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பெயர் யாருக்கு, காசு யாருக்கு என்ற சண்டைதான். 2021 ஆகஸ்டில் ஒரு இசைப் பத்திரிகையின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022-இல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட்டின் தொடக்க விழாவில், சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் அந்தப் பாட்டு அரங்கேறியது. அப்போதும் அறிவு மேடையில் இல்லை. பாட்டை எழுதியது யார், மெட்டுப் போட்டது யார் என்று இரண்டு பக்கமும் நீண்ட விளக்கங்கள் எழுதினார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோ போட்டு, அந்தப் பாட்டிலிருந்து அதுவரை தங்களுக்கு எந்த வருமானமும் வரவில்லை என்றார். கோடிக்கணக்கான தடவை கேட்கப்பட்ட பாட்டு. அதைச் செய்தவர்கள் மூன்று வருடம் கழித்துச் சொன்னது இது. என்னைக் கேட்டால், தமிழ்ப் பாட்டின் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள வேறு எந்தப் புள்ளிவிவரமும் வேண்டாம், இந்த ஒரு பாட்டின் வரலாறு போதும்.

ஆக, பதிவான பாட்டு இன்றைக்கு ஏறக்குறைய ஒரு விளம்பரம் போல ஆகிவிட்டது. அந்த விளம்பரம் எதை விற்கிறது என்றால், மேடையில் நிற்கும் மனிதரை.

மேடைக் கச்சேரி தமிழர்களுக்குப் புதிதில்லை. கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, கட்சி மாநாடு என்று மெல்லிசைக் குழுக்கள் ஊர் ஊராகப் போய் வாசித்தன. லக்ஷ்மன் ஸ்ருதி போன்ற குழுக்களின் பெயர் அன்றைக்குப் பட்டிதொட்டியெல்லாம் தெரியும். ராஜாவே அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடித் திரிந்துவிட்டுத்தான் சென்னைக்கு வந்தார். ஆனால் அந்தக் கச்சேரிகளில் கூட்டம் காசு கொடுக்காது. செலவு ஊர்ப்பணத்திலோ கல்யாண வீட்டுப் பணத்திலோ நடக்கும். மேடையில் இருப்பவர்களும் பாட்டைப் படைத்தவர்கள் இல்லை, அச்சு அசலாகத் திரும்பப் பாடிக் காட்டுபவர்கள். ‘ஒரிஜினல் மாதிரியே இருந்தது’ என்பதுதான் அன்றைய உச்சமான பாராட்டு.

படைத்தவரே மேடைக்கு வந்து, கேட்பவர் சொந்தக் காசில் டிக்கெட் எடுப்பது என்ற ஏற்பாடு பெரிதாக வளர்ந்தது வெளிநாடுகளில். டொரன்டோ, லண்டன், சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று புலம்பெயர்ந்தவர்களும் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்களும் இருக்கும் ஊர்களில் இது பழைய பழக்கம். வருடத்துக்கு ஒருமுறைதான் பிடித்த பாடகரைப் பார்க்க முடியும், அதனால் விலை ஒரு பொருட்டில்லை. சென்னையில் அந்தப் பழக்கம் முழுசாக ஒட்டிக்கொண்டது கொஞ்சம் பிந்தித்தான்.

இசையமைப்பாளரின் முகம் எப்படி இவ்வளவு பழகிப்போனது என்பதும் இதோடு சேர்ந்த கதை. 2011 நவம்பர் 16 அன்று ‘ஒய் திஸ் கொலவெறி’ வந்தது. படம் வந்தது நாலைந்து மாதம் கழித்து. அந்த வீடியோவில் கதாநாயகியோடு டூயட் எதுவும் இல்லை. ஒரு ஒலிப்பதிவுக் கூடம், மைக் முன்னால் தனுஷ், பக்கத்தில் 21 வயது அனிருத். பாட்டு எப்படிச் செய்யப்படுகிறது என்பதையே காட்சியாக்கினார்கள். அதுவரை இசையமைப்பாளர் என்பவர் பெரும்பாலும் டைட்டில் கார்டில் வரும் பெயர், அபூர்வமாக ஒரு பேட்டி. அதற்குப் பிறகு படத்துக்கு மாதங்கள் முன்பே முதல் பாட்டு, அதற்கு முன்னோட்டம், பாடுவது யார் என்று ஒரு போஸ்டர் என இசையமைப்பாளரே ஒரு நட்சத்திரமாக நடத்தப்பட்டார். அவரே பாடவும் செய்தார். யுவன், அனிருத், சந்தோஷ் நாராயணன், ஹிப்ஹாப் ஆதி எல்லாருக்கும் சொந்தக் குரல் உண்டு. எஸ்.பி.பி. பாடிய பாட்டை மேடையில் ராஜா தருவதானால் இன்னொரு குரல் வேண்டும். அனிருத் பாடிய பாட்டுக்கு அனிருத் வந்தால் போதும். கச்சேரி என்று வரும்போது இது ரொம்பப் பெரிய வசதி.

ஹிப்ஹாப் பக்கம் இந்தச் சிக்கலே கிடையாது, எழுதியவரே பாடுவார். மலேசியாவின் யோகி பி-யும் நட்சத்ராவும் 2006-இல் ‘வல்லவன்’ ஆல்பத்தோடு வந்தபோது சென்னைப் பையன்கள் பலருக்குத் தமிழில் ராப் பாடலாம் என்பதே அப்போதுதான் உறைத்தது. 2012-இல் ஹிப்ஹாப் தமிழாவின் ஆல்பம். பிறகு அவர்களும் சினிமாவுக்குப் போனார்கள். இன்றைக்கும் சினிமாவுக்கு வெளியே பெயர் எடுப்பவரைச் சினிமா உடனே கூப்பிட்டுக்கொள்கிறது. 2024 ஜனவரியில் ‘கட்சி சேர’ பாட்டோடு தெரியவந்த சாய் அபயங்கர் சில மாதங்களிலேயே பெரிய படங்களுக்கு ஒப்பந்தமானார். தனிப்பாட்டு இங்கே சினிமாவுக்குள் நுழைய ஒரு கதவாகவும் இருக்கிறது என்பதை ரசிகர்களும் அறிவார்கள், அதில் அவர்களுக்கு வருத்தமும் இருப்பதாகத் தெரியவில்லை.

கச்சேரியில் என்ன பாடுவது என்பதை முடிவு செய்வது லேசான வேலையில்லை. 2017 ஜூலை 8 அன்று லண்டன் வெம்ப்ளி அரங்கில் ஏ.ஆர். ரஹ்மானின் ‘நேற்று இன்று நாளை’. தலைப்பே தமிழ்தான். அப்படியிருந்தும் தமிழ்ப் பாட்டு அதிகமாகிவிட்டது என்று இந்தி ரசிகர்கள் சிலர் பாதியில் எழுந்து போனார்கள், பணத்தைத் திருப்பிக் கேட்டு இணையத்தில் எழுதினார்கள். உண்மையில் இந்திப் பாட்டும் நிறையப் பாடப்பட்டது. அவரவர் சின்ன வயதில் கேட்ட பாட்டு வராவிட்டால் கச்சேரி நடக்கவே இல்லை என்றுதான் தோன்றும் போல.

அதே 2017-இல் இன்னொரு சம்பவம். எஸ்.பி.பி. அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்தபோது, அனுமதி பெறாமல் தன் பாட்டைப் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. இனி அந்தப் பாட்டுகளை மேடையில் பாடப்போவதில்லை என்று எஸ்.பி.பி. முகநூலில் எழுத, தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து பேசியது. 2019-இல் ராஜாவின் கச்சேரியில் எஸ்.பி.பி. மறுபடி பாடினார், அது வேறு விஷயம். நட்பை ஓரமாக வைத்துவிட்டு யோசித்தால் ராஜா கேட்டதன் அர்த்தம் விளங்கும். பொதுமேடையில் காசுக்குப் பாடினால் மெட்டுப் போட்டவருக்கும் எழுதியவருக்கும் பங்கு உண்டு என்பது சட்டம். காசெல்லாம் பதிவிலிருந்து மேடைக்கு நகர்ந்துகொண்டிருந்த நேரத்தில், மேடையில் யார் பாட்டு ஓடுகிறது என்ற கேள்வி எழத்தான் செய்யும். அவர் கேட்ட விதத்தில் எனக்கு உடன்பாடில்லை, கேட்டதில் தப்பில்லை.

மேடைக்கு நகர்ந்த காசு பாட்டின் உருவத்தையும் தொட்டிருக்கிறது. எண்பதுகளின் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவி, இடையிசை, சரணம், இன்னொரு இடையிசை, இன்னொரு சரணம். இரண்டாவது இடையிசையில் வயலின்கள் வேறு பாதையில் போய்த் திரும்பும், அதற்காகவே காத்திருந்து கேட்பவர்கள் உண்டு. இப்போது பல பாட்டுகள் மூன்று, மூன்றரை நிமிடம்தான். ஒரு சரணம், சில சமயம் அதுவும் பேருக்கு. மறுபடி மறுபடி வரும் ஒரு ‘ஹூக்’ வரி. ரீல்ஸுக்காகத்தான் இப்படி என்று எல்லாரும் சொல்கிறார்கள், அது பாதி உண்மை. மீதிப் பாதியை மைதானத்தில் நின்று பார்த்தால் தெரியும். முப்பதாயிரம் பேர் சேர்ந்து சரணத்தைப் பாட முடியாது, வரி மறந்துபோகும், சுருதி தாண்டிப் போகும். நாலு சொல்லை, எட்டாத உயரத்துக்குப் போகாமல், ஒரே அடியில் எல்லாரும் கத்த முடியும். பாடகர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டும்போது வந்து விழ ஒரு வரி வேண்டும். அந்த வரியை மனதில் வைத்துக்கொண்டே பாட்டு செய்யப்படுகிறது என்பது என் ஊகம், அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அனிருத்தின் ஒரு சுற்றுப்பயணத்துக்கே ‘ஹுக்கும்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2023-இல் வந்த ரஜினி படத்தில் கூட்டமாகக் கத்துவதற்கென்றே அமைந்த பாட்டு அது.

சரணம் போய்விட்டதே என்று எனக்கும் வருத்தம் உண்டு. அதற்காக இளையவர்களைக் கோபிப்பதில் அர்த்தமில்லை. அவர்கள் பட்டியலில் ராஜாவும் இருக்கிறார் என்று முதலிலேயே சொன்னேன். ஹெட்போனில் இரவில் கேட்க ஒரு பாட்டு, நண்பர்களோடு குதிக்க ஒரு பாட்டு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள், குழப்பம் எதுவும் இல்லை.

மைதானத்தில் கேட்பது எப்படி இருக்கும்? ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். மேடைக்கு 170 மீட்டர் தள்ளி நிற்பவருக்குச் சத்தம் அரை நொடி பிந்தி வரும். ஆனால் பெரிய எல்இடி திரையில் தெரியும் உதடு உடனே அசைந்துவிடும். அதனால் பின்னால் நிற்பவர்களுக்குப் பாடகர் டப்பிங் படத்தில் பேசுவது போலத் தெரிவார். இதைச் சமாளிக்க மைதானத்தின் நடுவில் கோபுரம் போல ஒலிபெருக்கிகளை நிறுத்துவார்கள். மேடையிலிருந்து வரும் சத்தம் அந்தக் கோபுரத்தை எட்டும் நேரத்தைக் கணக்கிட்டு, கோபுரத்தின் ஒலியையும் அதே அளவு தாமதமாக விடுவார்கள். கணக்கு சரியாக இருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே குரலாகக் கேட்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தாள அடியும் இரண்டு தடவை விழும். கோபுரமே வைக்காமல் மேடை ஸ்பீக்கரின் சத்தத்தை மட்டும் ஏற்றிவிட்டால், முன்வரிசைக்குக் காது வலிக்கும், பின்வரிசைக்குப் பாட்டு எதுவென்றே புரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலை மைதானங்களில் கடல்காற்று வேறு சத்தத்தைத் தூக்கிக்கொண்டு போகும். பின்னால் நிற்கும் சில்வர் டிக்கெட்காரர்கள் ‘ஒண்ணுமே கேக்கல’ என்று புலம்புவதில் மிகை ஏதுமில்லை, இயற்பியல்தான்.

மேடையில் இருப்பவர்களின் காதில் சின்ன ஒலிப்பான் செருகியிருக்கும். அதில் தங்கள் குரலும், ‘டிக் டிக்’ என்று தாளக் கணக்கும் ஓடும். விளக்கு, திரை, புகை எல்லாமே அந்தக் கணக்கோடு கட்டிப்போடப்பட்டவை. கூட்டம் கை தட்டித் தாளத்தைப் பின்னுக்கு இழுத்தாலும் டிரம்ஸ் வாசிப்பவர் இழுபட மாட்டார். இதனால் கச்சேரி பிசகாமல் நடக்கிறது. இதனால்தான் சிங்கப்பூரில் பார்த்த கச்சேரியும் கோவையில் பார்த்ததும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கின்றன.

பிசகுவது மேடையில் இல்லை, வாசலில். 2023 செப்டம்பர் 10, பனையூரில் ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’. ஆகஸ்டில் நடக்க வேண்டியது மழையால் தள்ளிப்போயிருந்தது. அன்றைக்கு டிக்கெட் வைத்திருந்த ஆயிரக்கணக்கானவர்களால் உள்ளேயே போக முடியவில்லை. நெரிசல், குழந்தைகளைத் தவறவிட்ட பெற்றோர், பெண்களிடம் அத்துமீறல் என்று புகார் மேல் புகார். கிழக்குக் கடற்கரைச் சாலையே ஸ்தம்பித்து, முதல்வரின் வாகன வரிசையும் அதில் சிக்கியது. ரஹ்மான் வருத்தம் தெரிவித்தார், உள்ளே போக முடியாதவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. உள்ளே இருந்தவர்களில் பலர் அது தங்கள் வாழ்நாளின் சிறந்த இரவு என்று எழுதினார்கள். இரண்டுமே உண்மை. எந்தக் கதவு வழியாகப் போனீர்கள் என்பதைப் பொறுத்தது.

இப்படி நடப்பதற்கு ஏற்பாட்டாளரின் பேராசை ஒரு காரணம். சென்னையில் இந்த அளவுக் கூட்டத்துக்குக் கச்சேரிக்கென்றே கட்டிய இடம் கிடையாது என்பது இன்னொரு காரணம். நேரு ஸ்டேடியம் விளையாட்டுக்கு, நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம் கல்லூரிக்கு, தீவுத்திடல் பொருட்காட்சிக்கு. மிச்சம் இருப்பது நகரத்துக்கு வெளியே யாருடைய நிலமோ. ஒவ்வொரு தடவையும் வாசல், கழிப்பறை, வண்டி நிறுத்தம், விளக்கு எல்லாம் முதலிலிருந்து போட வேண்டும், மறுநாள் பிரிக்க வேண்டும். 2025-இல் அனிருத்தின் சென்னைக் கச்சேரி முதலில் ஜூலை 26, திருவிடந்தை என்று அறிவிக்கப்பட்டது. கூட்டத்துக்கு இடம் போதாது என்று தள்ளிவைத்து, ஆகஸ்ட் 23 அன்று இன்னும் தெற்கே கூவத்தூரில் நடந்தது. ஆட்கள் அதிகம் என்றால் நகரத்தைவிட்டு இன்னும் தள்ளிப்போவது ஒன்றுதான் இப்போதைக்குத் தெரிந்த வழி. டிக்கெட் விலை 500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி. அதற்கு மேல் முன்பதிவுக் கட்டணம், வேன் வாடகை. நள்ளிரவில் கூவத்தூரிலிருந்து ஒரு பெண் தாம்பரத்துக்கோ ஆவடிக்கோ எப்படி வருவாள் என்பதை டிக்கெட் விற்பவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. பல வீடுகளில் ‘போகாதே’ என்று சொல்லப்படுவதற்குக் காரணம் காசு இல்லை, இதுதான்.

யாழ்ப்பாணத்தில் இது வேறு வடிவம் எடுத்தது. 2023 அக்டோபரில் சந்தோஷ் நாராயணன் முற்றவெளி மைதானத்தில் ‘யாழ் கானம்’ நடத்தியபோது அனுமதி இலவசம். 2024 பிப்ரவரி 9 அன்று அதே முற்றவெளியில் ஹரிஹரனின் கச்சேரி. முன்னால் காசுக்கு நாற்காலி, பின்னால் தடுப்புக்கு அப்பால் இலவசமாக நிற்கலாம் என்று ஏற்பாடு. பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தடுப்பு உடைந்தது, கூட்டம் முன்னால் பாய்ந்தது, கச்சேரி தடைபட்டது. யாழ்ப்பாணத்து இளைஞர்களுக்கு ஒழுங்கில்லை என்று பலர் திட்டி எழுதினார்கள். பெரிய நட்சத்திரம் யாரும் எட்டிப் பார்க்காத வருடங்கள் எத்தனையோ போன ஊர். ஒரே மைதானத்துக்குள் கயிறு கட்டி இரண்டு வகை ரசிகரை நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஏற்பாடு செய்தவர்கள் கொஞ்சம் முன்கூட்டி நினைத்திருக்கலாம்.

இதற்கெல்லாம் வெளியே சின்ன மேடைகள் இருக்கின்றன, அவற்றில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல்முறை மேடை ஏறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. வடசென்னையின் சாவு வீடுகளில் விடிய விடியப் பாடப்பட்ட கானா, பறை, சட்டி மேளம், அதோடு எலெக்ட்ரிக் கிட்டார், ராப். பாட்டுகள் சாதியைப் பற்றி, இடஒதுக்கீட்டைப் பற்றி. அனுமதி இலவசம். அறிவு என்ற பெயர் பலர் காதில் முதலில் விழுந்தது அந்த வட்டாரத்திலிருந்துதான். 2020 டிசம்பரிலிருந்து ‘மார்கழியில் மக்களிசை’ என்று சபாக்களின் சீசனிலேயே ஒப்பாரியும் கானாவும் பறையும் மேடை ஏறின. அதற்கு முன்னால், 2015-இல், பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சமூகச் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களும் சேர்ந்து விழா தொடங்கினார்கள், மீனவர் தெருவில் கர்நாடக சங்கீதம் கேட்டது. இந்த மூன்றிலும் டிக்கெட் கட்டணம் ஒரு தடையாக இருந்ததில்லை. எனவே அவற்றுக்கு வேறு யாராவது செலவு செய்ய வேண்டியிருக்கிறது. அது ஒரு நல்ல மனிதரின் தயவில் நடக்கும் காரியமாகவே இருந்துவிட்டால் எத்தனை வருடம் தாங்கும் என்பது வேறு கேள்வி.

இப்போதைக்கு இளம் குழுக்களுக்கு நிஜமாகக் காசு கொடுப்பது கல்லூரி விழாக்கள். ஐஐடி மெட்ராஸின் சாரங், திருச்சி என்ஐடியின் ஃபெஸ்டெம்பர், அப்புறம் பெயர் வெளியே தெரியாத நூற்றுக்கணக்கான பொறியியல், கலைக் கல்லூரிகளின் கல்ச்சுரல்ஸ். யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்வது பெரும்பாலும் மாணவர் குழு. பெரிய இசையமைப்பாளருக்குப் பட்ஜெட் போதாது. அதனால் இரண்டு பாட்டு வெளியிட்ட ஒரு ராப்பருக்கோ, நாலு பேர் கொண்ட ஒரு பேண்டுக்கோ மாலை ஏழு மணி கிடைக்கிறது. வந்து பாடுபவருக்கு அந்த மாதத்துக்கான வருமானம் அதுதான். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அவர் யார் என்றே தெரியாது. மூன்றாவது பாட்டுக்குள் அவர்களைத் திருப்பிவிட்டால், அன்று இரவு விடுதி அறைகளில் சில நூறு போன்களின் பட்டியலில் புதிதாக ஒரு பெயர் ஏறும்.